கவிழ்ந்து கிடந்த தொட்டி

கணவனும் அவன் அண்ணனும் மரம் வாங்க வெளியூர் போயிருந்த வாரத்தில்தான் இளையவள் பின்பக்கக் கொட்டகையைத் திறந்தாள். அண்ணன் தம்பிக்குப் பொதுவான பழைய வீடு அது. அவளும் கணவனும் அங்கே குடிவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது.

கிழிந்த சாக்குகளை இழுத்துப் போட்டதும் அது தெரிந்தது. ஒரு வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி. சிங்கத்தின் பாதம்போல் வார்த்த நான்கு கால்களும் மேலே பார்க்க, செத்த மிருகம்போலக் கவிழ்ந்து கிடந்தது.

பிளம்பர் ஆட்களோடு வந்தான். "இதுல யானையையா குளிப்பாட்டப் போறீங்க, அக்கா?" என்று சிரித்துக்கொண்டே கடப்பாரையை நுழைத்தான். எல்லோரும் தம் பிடித்து நிமிர்த்தினார்கள்.

உள்ளேயிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது.

ஈரக்கூந்தல் வாசனை. சோப்பு வாசனை. தண்ணீரே எட்டிப் பார்க்காத கொட்டகையில்.

தொட்டியின் உட்புறம் முழுக்க மெல்லிய கீறல்கள். "பூனை ஏதாச்சும் மாட்டியிருக்கும்," என்றான் பிளம்பர். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினாள். தோள் கழன்றுவிடும்போல வலிக்கும்வரை உப்புத்தாள் தேய்த்தாள். கீறல்களைப் பட்டிப் பசை வைத்து அடைத்தாள். காலையில் வந்து பார்த்தால், அடைத்த பட்டி யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல அடியில் உதிர்ந்து கிடந்தது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி அடைத்தாள். மேலே வெள்ளை எனாமல் பூசினாள், கால்களுக்குக் கறுப்பு அடித்தாள். கீழ்த்தளக் குளியலறையில் பிளம்பர் அதை நிறுத்தி, குழாயும் வடிகாலும் பொருத்திக் கொடுத்தபோது, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்து நின்றாள்.

அண்ணனும் தம்பியும் ஒரு மத்தியானம் திரும்பினார்கள். அவள் ஆசை ஆசையாய்க் கூட்டிப்போய்க் காட்டினாள்.

கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், முகம் சாம்பலாகி நின்றார்.

"இத யாரு நிமிர்த்தச் சொன்னது?"

நிமிர்த்த. அந்த வார்த்தை அவள் காதில் குத்தியது. பெரியவரின் மனைவி யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணனும் தம்பியும் எழுந்து போய்விடுவார்கள்.

"மாமா, அது வந்து..."

"வெளிய போம்மா."

பெரிய சுத்தியலோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரே ஒரு அடி விழுந்தது. இரும்பு மணிபோல அதிர்ந்தது.

அப்புறம் சத்தமே இல்லை.

அப்புறம் ஏதோ இழுபடும் சத்தம். பெரியவர் குரல், சின்னப் பிள்ளையின் குரல்போல: "வேண்டாம்மா... வேண்டாம்..."

வீடே குலுங்கியது.

கணவன் கதவை மோதி உடைத்தான். தொட்டி கவிழ்ந்திருந்தது. பிய்ந்த குழாய்கள் சொட்டுத் தண்ணீரில்லாமல் தொங்கின. பெரியவரைக் காணோம்.

தொட்டிக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

இருவரும் முட்டிப் பார்த்தார்கள். அது இம்மியும் அசையவில்லை. அவள் தெருவுக்கு ஓடிக் கத்தி ஆட்களைக் கூட்டிவந்தாள். அதற்குள் தட்டுவது நின்றுவிட்டது. தூக்கியபோது பெரியவர் முழுக்க நனைந்து பிணமாகக் கிடந்தார். அவர் படுத்திருந்த தரை காய்ந்திருந்தது. அவர் கைப்பிடிக்குள் நீளமான ஒரு கொத்து முடி.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் விபத்து என்று எழுதிக்கொண்டு போலீஸ் போனது. பிளம்பர் மெயின் வால்வை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். பொழுது சாயும் நேரம். விளக்குப் போடத் தோன்றாமல் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதை ஒரு ஆளால கவிழ்க்க முடியாது," என்றாள் அவள்.

அவன் தலை தொங்கியது.

"அண்ணி வீட்ட விட்டுப் போறேன்னு சொன்னாங்க. அண்ணனுக்குத் தாங்கல. அவங்க குளிச்சிட்டிருந்தாங்க. அண்ணன் ஒரு பக்கம்... நான் ஒரு பக்கம்..." தொட்டியைக் கவிழ்ப்பதுபோல இரண்டு கைகளையும் புரட்டிக் காட்டினான். "தொட்டியக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னால, விடியுற வரைக்கும் தட்டிட்டே இருந்தாங்க. 'தம்பி, நீங்களாவது தூக்குங்க'ன்னு என்னைத்தான் கூப்பிட்டாங்க."

அவள் அடைத்து அடைத்துப் பூசிய கீறல்கள் விரல் நுனியில் எரிந்தன. எழுந்து வாசலருகே போய் நின்றாள். அவனிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது.

நிதானமாக. தொட்டி நிறையும் சத்தம். கூடம்வரை ஆவி மிதந்து வந்தது, சோப்பு வாசனையோடு. பிறகு ஒரு பெண் குரல். கோபமே இல்லாத, வீட்டுக்காரியின் குரல்.

"தம்பி... வெந்நீர் ஆறுது. வாங்க."

அவன் எழுந்தான். கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அவள் பிடிக்கவில்லை.

அவன் உள்ளே போனான். கதவு பிளந்து தரையில் கிடந்தது. அவள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.