ஏறிட்டேன், போலாம்

பின்னால் உட்காருகிறவருக்கென்று அந்த வண்டியில் தனியாக ஒரு ஒலிக்குமிழ் உண்டு. பின் இருக்கையின் இடது கைப்பிடிக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில், சட்டைப் பித்தான் அளவுக்கு இருக்கும். அதைத் திருகினால் பின்பக்கத்து ஸ்பீக்கர்களில் மட்டும் சத்தம் கூடும், குறையும். ஓட்டுகிறவரின் கை அங்கே எட்டாது. அவள் எப்போதும் அதைப் பாதிக்குக் கீழே இறக்கிவைத்துவிட்டுத்தான் வண்டியைவிட்டு இறங்குவாள். மறுமுறை ஏறும்போது அது கடைசிவரை திருகியிருக்கும்.

"நீங்க இதைத் தொட்டீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான் எதுக்குத் தொடப்போறேன்? பின்னாடி உக்காருறது நீதானே" என்றான் அவன்.

அதுவும் நியாயம்தான். துணி போட்டு மூடும்போது உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனுஷி எதற்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பாள். அந்த வீட்டில் குப்பை கொட்ட அது தேவையாக இருந்தது.

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி அது. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், பின் இருக்கைக்கு முதுகுச் சாய்மானம். "இது பைக் இல்லடி, சக்கரம் வச்ச சோபா" என்று அவளுடைய அக்கா கேலி செய்வாள். அவளுக்கோ அந்தச் சோபாதான் குடித்தனமே. வீட்டில் அவன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம்தான் பேச்சு. ஆனால் வண்டியில் ஏறி, இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் மைக்கும் காதுக்கருவியும் உயிர்பெற்றுவிட்டால், அவன் வேறு ஆள். மரத்தைப் பற்றிச் சொல்வான், ஆபீஸில் நடந்த கூத்தைச் சொல்வான், அவள் சொல்வதற்கெல்லாம் சிரிப்பான். அவள் அவனுக்கு மனைவியாக இருந்தது அந்தப் பின் இருக்கையில் மட்டும்தான்.

அவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி இதே மாதிரி ஒரு பயணத்தில், பழைய வண்டி சறுக்கி விழுந்ததில் போய்விட்டாள். அந்த வண்டியை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகவும், ஒரு திருகாணிகூட மிச்சம் வைக்கவில்லை என்றும் கல்யாணத்துக்கு முன்பே அவன் சொல்லியிருந்தான். செத்தவளோடு போட்டி போட வேண்டியதில்லை என்ற அந்த ஒரு நிம்மதியில்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

அவனுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. பின்னால் உட்கார்ந்தவள் "ஏறிட்டேன், போலாம்" என்று சொல்லாமல் வண்டியை நகர்த்த மாட்டான். கனமான வண்டி, பாதி ஏறியிருக்கும்போது கிளப்பினால் ஆளைத் தள்ளிவிடும் என்பான். ஒருமுறை விளையாட்டாக "ம், கிளம்புங்க" என்றாள். எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது. அவன் திரும்பவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த வார்த்தைகளை அப்படியே அவள் சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது.

வண்டியோடு வந்த ஸ்பீக்கர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கின்றன என்று அவன் வெகுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஆடியோ வேலை செய்கிறவரிடம் வண்டியைக் கொடுத்தான். அவரை எல்லோரும் 'டெசிபல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி ஊரின் காதைக் கெடுத்தவர், தன் காதில் மட்டும் பஞ்சு வைத்திருப்பார். முன்னால் புது ஸ்பீக்கர்கள், இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், சாய்மானத்தின் இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள், ஹெல்மெட்டுகளுக்குப் புது மைக்.

வேலை முடிந்த நாளில் அவளையும் கடைக்கு வரச்சொன்னார்கள். ஈயம் பற்றவைத்த வாடை, தரையெல்லாம் ஒயர்த் துண்டுகள். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நின்ற வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள்.

"மைக் எப்பவும் திறந்திருந்தா காத்து இரைச்சல்தான் கேக்கும் மேடம்" என்றார் டெசிபல். "அதனால நீங்க பேசினா மட்டும் திறக்கும், டிக்னு காதுல ஒரு சத்தம் வரும். உங்க குரல் எவ்வளவு சத்தம்னு அதுக்குக் காட்டணும். ஒரு ஹலோ சொல்லுங்க."

சொன்னாள். டிக்.

"போதும் மேடம், இறங்கிக்கலாம்."

"போதாது" என்றான் கணவன்.

அதன் பிறகு அவன் சொல்லச் சொல்ல அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏறிட்டேன், போலாம். மெதுவா போங்க. குளிருதுங்க. யாருங்க அது? தூக்கக் கலக்கத்தில் சொல்கிற மாதிரி ஒருமுறை, கோபமாக ஒருமுறை. "இப்போ சிரி" என்றான். அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. தாலி கட்டியவன் தன் குரலை இவ்வளவு ஆசையாகக் கேட்டது அன்றைக்குத்தான். அவளுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துபோயிற்று. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் தோளுக்குப் பக்கத்திலிருந்த பெட்டிகள் மெல்லக் கறகறத்தன. மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

டெசிபல் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, கணவன் பணம் கொடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி எல்லாம் புதுசு. பின்னாடியும் புதுசே போடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். சார்தான் கேக்கல. அவரு முந்தின வண்டியில இருந்ததையே பத்திரமா வச்சிருந்து கொண்டாந்தாரு."

அவள் இடதுபக்கத்துப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். பளபளப்பான கறுப்புப் பெயின்டுக்கு அடியில் ஆழமான கீறல்கள் ஒரே திசையில் ஓடின. தார்ச்சாலையில் உராய்ந்த கீறல்கள். வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள்.

கேட்க முடியவில்லை. அன்று இரவே தொண்டை கட்டிக்கொண்டது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வலிகூட இல்லை. குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்து, காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஆகிவிட்டது. அவன் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். மாத்திரை வாங்கிவந்தான். "பேசாத, தொண்டைக்கு நல்லதில்ல" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அந்தக் கரிசனத்தில் அவள் பெட்டிகளை மறந்தாள். மறக்கவே விரும்பினாள் என்பதுதான் உண்மை. அதற்கிடையில்தான் குமிழ் தானாகத் திருகிக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

மலைப்பாதை வழியாக ஒரு நீண்ட பயணம் போகலாம் என்று அவனே கூப்பிட்டான். மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, கையுறையைச் சரிசெய்துகொண்டு, குமிழைக் கீழே இறக்கிவிட்டு, அந்த வார்த்தைகளைச் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினாள்.

வண்டி நகர்ந்துவிட்டது.

அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் தூறல், பிறகு நல்ல மழை. மலையேறும் சாலையில் மூடுபனி இறங்கி, பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. முன்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு வளைவொன்றில் நின்றுபோக, அது நின்ற இடத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சி, டயருக்கடியில் கிழிபடும் தண்ணீரின் சத்தத்தோடும் ஹெல்மெட்டில் விழும் மழையின் படபடப்போடும் கலந்து, அவள் பிடரிக்குப் பின்னால் சூடாகக் கசிந்துகொண்டிருந்தது. பழைய ஹெல்மெட்டின் உள்பஞ்சு வாடை வந்தது, வியர்வையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் ஊறிய வாடை. அவளுடைய ஹெல்மெட் புதியது.

டிக்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

"அப்படியா?" என்றான் கணவன், அவள் காதுக்குள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். குரல் எழும்பவில்லை, டிக் சத்தமும் வரவில்லை.

"ம்... ம்..." அவன் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தான். நடுநடுவே சிரித்தான். மரத்தைப் பற்றிச் சொல்கிற குரல் அது, ஆபீஸ் கூத்தைச் சொல்கிற குரல். அவளுக்கு மட்டுமே சொந்தம் என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த குரல். "நீ மாறவே இல்ல போ" என்றான். பிறகு கொஞ்சம் தணிந்து, "அதெல்லாம் இல்லம்மா. அவ பாவம், ஒண்ணும் கண்டுக்க மாட்டா" என்றான்.

அவ.

அந்த 'அவ' தான்தான் என்று புரிய அவளுக்கு ஒரு வளைவு முழுக்கத் தேவைப்பட்டது. இவ்வளவு நாளும் இந்த வண்டியில் அவன் சிரித்ததெல்லாம் எவளுக்காக? புரிந்ததும் பயத்துக்கு முன்னால் அவமானம் வந்தது. கன்னம் எரிந்தது.

கட்டைவிரலுக்கடியில் குமிழ் அசைந்தது. அவள் அழுத்திப் பிடித்தாள். அது எதிர்த்துத் திரும்பியது. வேறொரு கட்டைவிரல் மேலிருந்து திருகுவதுபோல, மெதுவாக, பொறுமையாக. பின்பெட்டிகளின் இரைச்சல் கூடியது. அதற்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"குளிருதுங்க" என்றது பெட்டி.

அவளுடைய குரல். தொண்டை கட்டாத, தெளிவான, அவளுடைய சொந்தக் குரல்.

இரண்டு கையாலும் அவன் முதுகில் குத்தினாள். அவன் வேகத்தைக் குறைத்து, சுரங்கப்பாதைக்கு முன்னாலிருந்த ஒரு தகரக் கூரைக்கு அருகே நிறுத்தினான். அவள் தடுமாறி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மழை முகத்தில் அறைந்தது. சாலையில் வேறு வண்டி இல்லை. அவன் இறங்கவில்லை, எஞ்சினையும் அணைக்கவில்லை.

"யார்கூட பேசினீங்க?" வெறும் காற்றாகத்தான் வந்தது.

அவன் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினான். "தொண்டையைக் கஷ்டப்படுத்தாத."

"ஒரு திருகாணிகூட மிச்சம் வைக்கலைன்னு சொன்னீங்களே."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. வெந்நீர் கொடுத்தபோது இருந்த அதே கரிசனம்தான் அந்தப் பார்வையில் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

"அவளுக்கு வேற ஒரு குறையும் இல்ல" என்றான். "குரல்தான் இல்லாம இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

கடையில் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்போ சிரி, என்றானே. சிரித்தாளே. வாரிக் கொடுத்தாளே, கேட்டானே என்று. கசாப்புக் கடைக்காரனை நம்பும் ஆடுகூட இவ்வளவு சந்தோஷமாகத் தலையைக் கொடுத்திருக்காது.

அப்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. ஸ்பிரிங் முனகியது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு. காலியான இருக்கையின் விளிம்புகளில் மழை தெறித்துக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் விழவில்லை. அந்த இடத்துக்கு மேலே, அந்தரத்தில், துளிகள் உடைந்து வழிந்தன. ஒரு தலைக்கு. இரண்டு தோள்களுக்கு.

அவள் கையிலிருந்த ஹெல்மெட்டுக்குள் டிக் என்றது.

"ஏறிட்டேன், போலாம்."

வண்டி நகர்ந்தது.

அவள் ஓடினாள். கத்தினாள். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. காகிதம் கசங்குகிற சத்தம்கூட வரவில்லை. சிவப்பு விளக்கு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து சின்னதாகிக்கொண்டே போனது. சுவர்களில் மோதி, பெருகி, அவளுடைய சிரிப்பு திரும்பி வந்தது.

கால் ஓய்ந்து நின்றாள். மழையில், நடுச்சாலையில், திறந்த வாயை மூடத் தோன்றாமல். கையிலிருந்த ஹெல்மெட் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"யாருங்க அது, ரோட்டுல நிக்கிறது?" என்று கேட்டாள் அவள், உள்ளேயிருந்து.

"யாரும் இல்லம்மா" என்றான் அவன். "நீ நல்லா பிடிச்சுக்கோ."