பூப்போட்ட துணியின் மேல் ஒரு லப்ரொப்

கண்களைப் பார்ப்பதற்கு முன்பே ஜெயரூபினிக்கு அவன்மேல் கோபம் வந்துவிட்டது.

வெளியே வவுனியா மழையில் மிதந்துகொண்டிருந்தது. அவள் பார்க்க வந்த பெரிய கேம் லப்ரொப்பின் திரையில் யாரோ ஒருவன் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். கொம்பியூட்டர் கடை முழுக்க டயர் கிறீச்சிடும் சத்தம்!

"அண்ணை, கொஞ்சம் விலத்துறீங்களோ? நான் இதைப் பார்த்து வாங்க வந்தனான்."

"நானும் அதுக்குத்தான் வந்தனான். ஆனா, அண்ணை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ..."

திரும்பினான். குறும்பு வழியும் கண்கள்... நனைந்த தலைமுடி... சீ, வந்த வேலையைப் பாரடி, என்று தன் மனதுக்கே ஒரு குட்டு வைத்தாள்.

வேலையும் சின்னதல்ல. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்ட இதுவரை கொழும்புக்குத்தான் அனுப்பினார்கள். "நல்ல மெசின் ஒண்டு பார்த்து வா, இனி நீயே செய்," என்றிருந்தார் அவள் வேலை பார்க்கும் ஸ்ரூடியோவை நடத்தும் கமலாசனி அக்கா. நல்லது அகப்படாவிட்டால் ஆசை அவ்வளவுதான். பழையபடி, பாஸ்போட் படத்துக்கு வருபவர்களின் சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடையில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று மெல்லியது. மற்றது இந்தப் பெரியது. விலை கூடிய சாமானுக்கு மரியாதை வேண்டாமா? கடைக்காரர் செல்வநாயகம், மனைவி பூப்போட்டுத் தைத்த துணியை மேசையில் விரித்து, அதன்மேல் இதைக் கொலுவிருத்தியிருந்தார்.

"மெல்லிசானதை எடுங்கோ. கரண்ட் போனாலும் கனநேரம் நிக்கும். இது சரியான பாரம், பற்றரி தாங்காது, விசிறி மில்லு மாதிரி இரையும்," என்றான் அவன்.

"அப்ப நீங்கள் ஏன் இதுக்கு நிக்கிறீங்கள், அண்ணை?"

"வேகம்! இந்த வேகம் வேற எதிலயும் வராது!"

"தம்பி றொமேஸ் மாதக்கணக்கா இதைத்தான் கேட்டுக்கொண்டு திரியிறார், இண்டைக்குத்தான் வந்து சேர்ந்தது," என்றார் செல்வநாயகம்.

பார்த்துவிடுவோமே! கொண்டுவந்த கல்யாண சீடியை இரண்டிலும் ஓடவிட்டாள். மெல்லியதில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபடியே உறைந்து நின்றார். பெரியதில் தாலி கட்டி, மாலை மாற்றி, பந்தியும் தொடங்கிவிட்டது! ஜெயரூபினிக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது.

டப்! திரை இருண்டது. மறுபடி போட்டாள். மறுபடியும் டப்! தொட்டுப் பார்த்தாள், ரொட்டி சுடலாம்போல் கொதித்தது.

"ரெண்டும் சரிவராது ஐயா... அக்காவிட்ட சொல்லிவிடுறன்." குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"நில்லுங்கோ!"

றொமேஸ் லப்ரொப்பைத் தூக்கி, பூத்துணியை உருவி எறிந்தான். இரண்டு பாட்டுக் கசற் பெட்டிகளை அடியில் முட்டுக்கொடுத்தான். "இது அடியாலதான் மூச்சு விடுறது. துணி மூக்கைப் பொத்திப்போட்டுது. இப்ப போடுங்கோ."

போட்டாள். பந்தி முடிந்து, கைகழுவி, பொம்பிளை மாப்பிள்ளை காரில் ஏறும்வரை படம் நிற்கவேயில்லை!

சந்தோஷத்தோடு கோபமும் பொங்கியது. "தெரிஞ்சுகொண்டே பேசாமல் நிண்டனீங்களோ?"

அவன் தலை குனிந்தது. "ஓம்... நீங்கள் போனா எனக்குக் கிடைக்கும் எண்டு நினைச்சன்."

"பிறகேன் கூப்பிட்டனீங்கள்?"

"லப்ரொப் இன்னொண்டு வரும்... நீங்கள் திரும்பி வருவீங்களோ எண்டு ஆருக்குத் தெரியும்?" அவன் குரல் தடுமாறியது. "எனக்கு... உங்களைப் பிடிச்சுப்போச்சு."

செல்வநாயகத்துக்குத் திடீரென்று கடையின் பின்பக்கத்தில் வேலை வந்துவிட்டது.

நெஞ்சோ தறிகெட்டு அடிக்கிறது... ஆனாலும் இவ்வளவு நேரம் ஏய்த்தவனைச் சும்மா விடலாமா?

"ஐயா, பெரிசையே பொலித்தீன் சுத்திக் கட்டுங்கோ!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு இவன் பக்கம் திரும்பினாள். "சரியான பாரம் எண்டு சொன்னனீங்கள்தானே? ஸ்ரூடியோ வரைக்கும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வரோணும், றொமேஸ்."

அவன் கண்கள் விரிந்தன. "'அண்ணை' எங்க போயிட்டார்?"

"அவர் மழையோட போயிட்டார்..." குடையை விரித்து அவன் பக்கமாகச் சாய்த்தாள். முகம் சிவந்தது. "எனக்கும் பிடிச்சுப்போச்சு. கிட்ட வாங்கோ, நனையப்போறீங்கள்."