கெம்பனுக்கு ஒரு உருண்டை

சூளகிரியில் அந்த ஓட்டு வீட்டைப் பிடித்ததே, கம்பெனி பஸ் பக்கத்தில் நிற்கும் என்பதற்காகத்தான். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேப்பனப்பள்ளியில் என் அம்மாவிடம் விட்டிருந்த மகள் காவியாவை இங்கே கூட்டிவந்து பள்ளியில் சேர்க்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வீட்டுக்கார சரசம்மா வலது காலை இழுத்துக்கொண்டு, தடி ஊன்றி வந்தார். கூடவே கெம்பன் என்ற செம்பட்டை நாய். தீராத வலிப்பாம் அதற்கு. தினம் மதியம் களி உருண்டைக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்தால் வாடகையே வேண்டாம் என்றார். சும்மா கிடைத்தால் விடுவேனா? எனக்கு வாயெல்லாம் பல்.

"ஒங் கையாலயே குடுக்கணும்மா. தட்டுல வெச்சா திங்காது."

கொடுத்தேன். விழுங்கியது. சரசம்மா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விறுவிறுவென்று நடந்து பஸ் ஏறிப் போனார். அவருடைய போனும் அன்றோடு சரி.

நைட் ஷிப்ட் முடித்து மதியம் தூங்குவேன். ஈரச்சாக்கு நாற்றத்தில் விழிப்பு வரும். கெம்பனின் பின்னங்கால் இழுத்து, நகம் சிமெண்ட் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

டக். டக். டக்.

ஓசூர் கால்நடை டாக்டர் கெம்பனுக்கு ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார். சரசம்மா விட்டுப்போன பழைய சிகிச்சை நோட்டைப் புரட்டி, பதினெட்டு வருஷமாக இதற்கு நாலு வயசுதானா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்பட்டேன். பஸ் சூளகிரியைத் தாண்டியதும் என் வலது கால் பஸ் தரையைத் தட்டியது.

நான் ஆட்டவில்லை.

பல் கிட்டிப்போய் இறங்கி, ஆட்டோவில் திரும்பினேன். கெம்பன் நான்கு காலிலும் ஜம்மென்று வாசலில் நின்றது. உருண்டையை ஊட்டினேன். அது விழுங்கியதும் என் கால் நின்றது.

மார்கழியில் சரசம்மாவின் தடியை நான் எடுத்தேன்.

வேறு யாரையாவது ஊட்டவைத்தால் எனக்கு விடுதலை என்று தெரியாமல் இல்லை. ஆனால் எவள் தலையில் கட்டுவது? அந்தப் பாவத்துக்கு மனசு வரவில்லை. அம்மாவிடம் மட்டும், இந்தப் பக்கம் வரவே வராதே என்று போனில் அழுதேன்.

அழுததுதான் தப்பு. அம்மா பதறிப்போய் மறுநாளே காவியாவோடு கிளம்பிவிட்டாள்.

களியைக் கிண்டி, மாத்திரை வைத்து உருட்டிவிட்டு, அசதியில் கண்ணயர்ந்திருந்தேன். விழித்தபோது கால் லேசாக இருந்தது. அத்தனை லேசாக.

அடுக்களையில் காவியா நின்றிருந்தாள். விரலெல்லாம் களி.

"அம்மா, கெம்பன் எங் கையால தின்னுருச்சு."

இன்னொரு உருண்டை பிடித்து அதன் வாயில் திணித்தேன். கெஞ்சினேன். கெம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். பஸ் நின்றிருந்தது. தடியில்லாமல் ஏறினேன்.

பஸ் சூளகிரியைத் தாண்டியது.

என் இடுப்பில், கொலுசோடு, சின்னக் கால் ஒன்று தட்டத் தொடங்கியது.