முத்துக்குழியில் திறப்பு விழா

சூரியன் சாயத் தொடங்கிவிட்டால் முத்துக்குழி ஜனங்கள் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு பொதுக்கூடத்துக்குக் குடிபோய்விடுவார்கள். நிலாவில் ராத்திரி என்பது பூமிக் கணக்கில் இரண்டு வாரம். வீட்டுக்கு வீடு சூடு போட மின்சாரம் கிடையாது. அதனால் காயப்போட்ட நெத்திலி மாதிரி ஊரே ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கிடக்கும். எந்தக் குறட்டை யாருடையது என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அன்றைக்கும் எல்லாரும் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சகாயமேரி மட்டும் மீன்தொட்டியைவிட்டு நகரவில்லை. தொட்டி பெரிது, கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. அதில் நீந்துபவை ஜிலேபிக் கெண்டை, குளிர் தாங்காத ஜாதி. போன ராத்திரியில் பாதிக்குமேல் செத்து மிதந்தன. பூமியிலிருந்து மீன்முட்டை கொண்டுவந்த கப்பலையும் நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருக்கிற மீனும் போனால், நிலாவில் மீன் என்ற பேச்சே இருக்காது.

நியாயமாகப் பார்த்தால் இந்தத் தடவை அவளுக்குக் கவலையே இருந்திருக்கக் கூடாது. அரசாங்கத்தின் ஊர்ச்சூரியத் திட்டம் வந்துவிட்டது. கதிர்ப்பண்ணை கட்டுகிற செலவு அரசாங்கத்துடையது, கட்டி முடித்தபின் பண்ணை ஊருடையது. சொன்னபடி நிதியும் முழுசாக வந்தது. குழியின் விளிம்பில் வரிசையாகக் கண்ணாடிகள் நின்றன. அவை வெயிலைத் திருப்பி உப்புக் கலனில் பாய்ச்சும். உப்பு உருகித் தகித்து, அந்தச் சூட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ராத்திரி முழுக்க மின்சாரம் தரும். சூரியன் உச்சியில் இருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது.

விசையை அழுத்திக் கண்ணாடிகளை வெயில் பக்கம் திருப்புவதுதான் பாக்கி. விசைக்குக் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. அமைச்சர் வந்து வெட்ட வேண்டும். நேரில்கூட வேண்டாம், பூமியில் உட்கார்ந்தபடியே ஒளியுருவாகத் தோன்றினால் போதும். முதலில் இடைத்தேர்தல் என்றார்கள். அப்புறம் மருமகன் வீட்டு விசேஷம் என்றார்கள்.

"இன்னாசியண்ணே, வெயில் வீணாப் போவுதே. திரும்ப ஒரு தடவை கேட்டுப்பாருங்களேன்" என்றாள் சகாயமேரி, ஊர்ச்சங்கத் தலைவரிடம்.

"கேட்டுட்டேம்மா. அமைச்சருக்குத் தொண்டை கட்டியிருக்காம்."

"ஒளியுருதான வரப்போவுது. அதுக்கு என்னத்துக்குத் தொண்டை?"

"பேச வேண்டாமா? பேச்சில்லாமத் தொறந்தா அது என்ன தொறப்பு விழா?"

சகாயமேரி விசையறைக்கு ஓடினாள். அங்கே கொள்கையன் நின்றுகொண்டிருந்தான். திட்டத்தோடு அரசாங்கம் அனுப்பிய எந்திரன் அவன். ஜனங்கள் திட்டத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. அதை வைத்துக் கொள்கையைத் திருத்துவார்கள்.

"ஆபீசர் தம்பி, ஒன் கால்ல விழுதேன். இப்பமே விசையைப் போட அனுமதி குடுப்பா."

"அனுமதி எதற்கு அம்மா? கட்டி முடித்த அன்றே இது உங்கள் ஊருடையது. அன்றே போடலாம் என்றுதான் கொள்கை சொல்கிறது."

அவள் விசைப் பக்கம் கையைக் காட்டினாள். "அப்பம் இந்த ரிப்பன்?"

"நீங்கள் கட்டியது. உங்கள் நீலச் சேலையில் கிழித்தது. ஏதோ வழிபாடு என்று நினைத்தேன். அதனால் குறுக்கிடவில்லை."

அவள்தான் கிழித்துக்கொடுத்தாள். சங்கம் கேட்டது, கொடுத்தாள். யார் கட்டச் சொன்னார்கள் என்று யாருமே யாரையும் கேட்கவில்லை.

செய்தி கேட்டு ஊரே விசையறையில் கூடிவிட்டது.

"அப்பம் வெட்டிர வேண்டியதான?"

"வெட்டலாம். யாரு வெட்டுதது?"

எல்லாரும் தட்டிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்கள்.

"நாளைக்குத் தண்ணிக் கலன் கேட்டு அந்த அமைச்சருகிட்டதானவே போயி நிக்கணும்" என்றார் இன்னாசி.

"மேரிக்குத்தான மீன் அவசரம்? அவளே வெட்டட்டும்" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். கத்தரிக்கோல் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்து சேர்ந்தது.

சன்னலுக்கு வெளியே குழிவிளிம்பில் வெயில் ஒரு கயிறு அளவுக்கு மிச்சமிருந்தது. சகாயமேரி ரிப்பனைத் தொட்டாள். புதிதாக மீன்முட்டை அனுப்பச் சொல்லி அவளும் அதே அமைச்சரிடம் கேட்டிருந்தாள். நாளைக்கு 'யார் வெட்டினது?' என்று கேட்டால் இத்தனை விரலும் எந்தப் பக்கம் நீளும் என்றும் அவளுக்குத் தெரியும். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். கோணலாக இருந்ததைக்கூட நேராக்கி வைத்தாள்.

சூரியன் போனது. கொஞ்ச நேரத்தில் அமைச்சர் தொண்டை சரியாகித் தோன்றினார். முத்துக்குழி மக்களின் பொறுமையை மெச்சிப் பேசினார். குளிருக்கு உறை போட்ட கைகளால் எல்லாரும் தட்டினார்கள், சத்தமே வரவில்லை. கொள்கையன் அவர் சார்பில் ரிப்பனை வெட்டி விசையை அழுத்தினான்.

"விளக்கு எரியுதா?" என்று கேட்டார் அமைச்சர்.

"எரியுதுங்கய்யா" என்றார் இருட்டில் நின்ற இன்னாசி.

அங்கே வெளிச்சமாக இருந்தது அமைச்சரின் உருவம் மட்டும்தான். அதற்கும் பொதுக்கூடத்தைச் சூடாக்க வைத்திருந்த மின்சாரத்திலிருந்துதான் எடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் தொட்டியில் பெரிய மீன்களெல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. கூடத்தில் குழம்பு வைத்தார்கள். ருசியாகவே இருந்தது என்றார்கள். அவள் சாப்பிடவில்லை. உயிரோடிருந்த கொஞ்சம் குஞ்சுகளை ஒரு சொம்பில் அள்ளி, போர்வைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அந்த நீள ராத்திரி முழுக்கப் புரளாமல் படுத்துக்கிடந்தாள்.

விடிந்ததும் சொம்போடு விசையறைக்கு முதல் ஆளாக ஓடினாள். குஞ்சுகளுக்கு உடனே வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். விசையின் மேல் ஒரு இரும்புப் பெட்டி கவிழ்ந்திருந்தது. அதற்குப் பூட்டு. பூட்டைச் சுற்றிப் புத்தம்புது ரிப்பன்.

"இது என்னப்பா?"

"நல்ல செய்தி அம்மா. உங்கள் ஊரைப் பார்த்துக் கொள்கையைத் திருத்திவிட்டார்கள்." கொள்கையனின் குரலில் பெருமை இருந்தது. "தடை எதுவும் இல்லாதபோதும் மக்கள் காத்திருந்தார்கள், ஆகவே காத்திருப்பது அவர்களுக்கு முக்கியம் என்று எழுதினேன். ராத்திரியில் சூடில்லாமல் பண்ணை நின்றுவிட்டது, மறுபடி தொடங்க வேண்டும். இனி எல்லா ஊரிலும் எந்தத் தொடக்கத்துக்கும் திறப்பு விழா கட்டாயம். பூட்டுக்கான செலவையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது."

வெளியே வெயில் கண்ணாடிகளின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. சொம்புக்குள் ஒரு குஞ்சு துள்ளி அடங்கியது.

"எப்ப வாராராம்?"

"கேட்டிருக்கிறேன் அம்மா. ஆடி கழியட்டும் என்றிருக்கிறார்."