கைவிசேஷத்துக்கு விற்ற சீட்டு

“ஒரு நிமிஷம் நில்லுங்கோ. நல்ல நேரம் முடியப்போகுது... எங்கடை சீட்டிழுப்பின்ரை முதல் ரிக்கற்றை நீங்களே எடுத்தால் என்ன?”

பிரஷாந்தினி வழிமறித்தது முன்பின் தெரியாத ஒருவனை. மழைக்கு ஒதுங்கித்தான் அவன், தமிழ்ச் சங்கம் கூடியிருந்த டொலார்ட் மண்டபத்துக்குள் நுழைந்திருந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, கையில் உடைந்த குடை... கண்கள் மட்டும் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. சித்திரை வருஷப்பிறப்பும் அதுவுமாக இப்படியா ஒருவன் எதிரே வந்து நிற்பது? அவளுக்கு நெஞ்சு ஒருமுறை தடுமாறியது.

ஐந்து டொலரை நீட்டிச் சீட்டை வாங்கியவன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுல லைசென்ஸ் நம்பர் இல்லையே?”

“விண்ணப்பம் போட்டிட்டம். வரும்.”

“வந்தப்புறம்தாங்க விக்கணும். அந்த நம்பரை டிக்கெட்லயே அச்சடிக்கணும்.”

“நீங்கள் ஆர், பொலிஸோ?”

“இல்லீங்க, நவநீத். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூல மண் ஆராய்ச்சி பண்றேன். கேம்பஸ் உணவு வங்கிக்காக பிங்கோ நடத்துறது நான்தான். அந்த லைசென்ஸ் வாங்குறதுக்குள்ள பாதி முடி கொட்டிப் போச்சு.”

“மிச்சம் நல்லாத்தான் இருக்கு...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்தே விட்டான். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. சீட்டின் பின்னால் தன் தொலைபேசி எண்ணை எழுதி மேசையில் வைத்து, “விதிமுறையைப் படிச்சுப் பாருங்க, சந்தேகம்னா கூப்பிடுங்க” என்று சொல்லிப் போனான். அவன் போன பிறகு வீம்புக்கென்றே வீட்டுக்கு ஒன்றாக நாற்பது சீட்டு விற்றாள் பிரஷாந்தினி.

அன்று பின்னேரம் விதிமுறைகளைப் பிரெஞ்சில் வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். அவன் சொன்னது அத்தனையும் சரி. அனுமதி கைக்கு வருமுன் ஒரு சீட்டும் விற்கக்கூடாது. விற்றது தெரிந்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

அனுமதி இல்லையென்றால் சீட்டிழுப்பு இல்லை, சீட்டிழுப்பு இல்லையென்றால் வான் வண்டி இல்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் ஏழு பேருக்காகச் சங்கம் வாங்க நினைத்த வான் அது. அந்த ஏழு பேரில் ஒருவர் அவளுடைய அம்மா நல்லம்மா. போன மாசி மாதத்துப் பனியில், வராத டாக்சிக்காக அம்மா வாசலில் நடுங்கியபடி நின்றது இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

வீம்பை விழுங்கிக்கொண்டு அவனை அழைத்தாள்.

மறுநாளே கர்க்லாண்டில் இருந்த அவளுடைய வீட்டுக்கு வந்துவிட்டான் நவநீத். சங்கத் தலைவர் பேரின்பநாதன், அவளுடைய அப்பா, முகத்தை இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார். புதுவருஷத்தின் முதற்காசு கைமாறப் பஞ்சாங்கம் குறித்துத் தரும் கைவிசேஷ நேரம் பார்த்து விற்பனையைத் தொடங்கியவர் அவர்தான்.

“வித்த சீட்டை எல்லாம் திருப்பி வாங்கி, காசைக் கொடுத்துட்டு, நடந்ததை ஒளிக்காம லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதி அனுப்பிடலாம் சார்.”

“வருஷப்பிறப்புக் கைவிசேஷமா வந்த காசு தம்பி. அதைத் திருப்பிக் குடுத்தால் இந்த வருஷம் உருப்படுமோ? சனமும் என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

“அப்பா, அம்மான்ரை வானை யோசியுங்கோ.”

“அதை யோசிச்சுத்தான் பிள்ளை நல்ல நேரம் பாத்தனான்.”

அப்பாவின் குரல் உடைந்தது.

“தெரியாமத்தான் கேக்கறேன்...” நவநீத் தயங்கினான். “கைவிசேஷம்ங்கிறது பெரியவங்க கொடுக்கறது தானே? நீங்க வாங்கிட்டீங்களே சார்?”

பேரின்பநாதன் அவனை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“நாளையிண்டைக்கும் ஒரு கைவிசேஷ நேரம் இருக்கு” என்றார் மெதுவாக. “பிள்ளை, வெத்திலை வாங்கி வா. நாற்பது வீட்டுக்கும் நானே குடுக்கிறன்.”

அந்த நாளில், கொட்டும் மழையில் நவநீத்தின் சின்னக் கார் தெருத்தெருவாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு வாசலிலும் அப்பா நடந்த தவறைத் தன் வாயாலேயே சொன்னார். பிறகு வெற்றிலையில் ஐந்து டொலரை வைத்து நீட்டி, சீட்டைத் திருப்பி வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. சிலர் அவர் காலில் விழுந்துகூட வாங்கினார்கள். பிரஷாந்தினிக்குக் கண் நிறைந்தது. முன்னாசனத்திலிருந்து ஒரு கை பேசாமல் டிஷ்யூவை நீட்டியது. யாருக்காக, எதற்காக இவன் இப்படி நனைகிறான்... அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரவு பகல் பாராமல் அவளும் நவநீத்தும் கதைத்துக் கதைத்துக் கடிதத்தை எழுதி அனுப்பினார்கள். ஐந்தாவது வாரம் அனுமதி வந்தது. அனுமதி எண் அச்சடித்த சீட்டுகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. ஆவணியில் வானும் வந்தது. முதல் நாள் அதில் ஏறி உட்கார்ந்த நல்லம்மா, கதவருகே நின்ற நவநீத்தின் கையைப் பிடித்து, “நல்லா இருக்கவேணும் தம்பி” என்றார். அவன் குனிந்து வான் கதவை மெல்லச் சாத்தினான்.

வான் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பிரஷாந்தினி ஒரு படிவத்தை நீட்டினாள்.

“வாற வருஷச் சீட்டிழுப்புக்கும் என்னோட நீங்கள்தான் பொறுப்பாளராம். அப்பா சொன்னவர். கையெழுத்து வையுங்கோ.”

படித்துக்கொண்டே வந்தவனின் பேனா நின்றது.

“என்னால முடியாதுங்க.”

அவளுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவுதானா? வேலை முடிந்தது, போகிறானா?

“ஏன்?”

“உங்க அப்பா புதுசா ஒரு விதி சேர்த்திருக்கார். பொறுப்பாளர் ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கக்கூடாதாம்.”

“நீங்களும் நானும் என்ன சொந்தமே?”

“இப்ப இல்ல. அடுத்த வருஷமும் இப்படியே இருக்க எனக்கு இஷ்டமில்ல.” அவன் குரல் தழைந்தது. “உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு பிரஷாந்தினி. அப்பா அம்மாகிட்ட வந்து கேக்கட்டுமா?”

காது மடல் வரை சூடேறியது அவளுக்கு. அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. படிவத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“எனக்கும் பிடிச்சிருக்கு. நீங்கள் வீட்டை வந்து கேளுங்கோ...” என்றாள். “வாற வருஷத்துக்கு நான் வேறை ஆளைப் பாக்கிறன்.”