மூன்றாவது சென்சார்

திரையில் எண் அசையாமல் நின்றது. பதினாலு.

"இப்ப எவ்ளோ?" கொல்லைப்பக்கத்திலிருந்து கணவரின் குரல் வந்தது.

"அதேதாங்க."

"நல்லா இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் பாரு."

அவள் பார்த்தாள். ஹால் அலமாரி மேல் நின்ற அந்தத் திரை உள்ளங்கை அகலம்தான். வீட்டுக்குள் எவ்வளவு குளிர், வெளியே எவ்வளவு குளிர் என்று காட்டும். வெளிக்கணக்கை அதற்குச் சொல்வது கொல்லையில் கூரை விளிம்புக்கடியில் தொங்கும் சோப்புக்கட்டி அளவு சென்சார். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. சென்சாரின் நெற்றியில் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கும், இங்கே எண் மாறும். புதுச் சென்சார் எதுவானாலும் மாட்டுவதற்கு முன் கைக்குள் பொத்திப் பார்க்க வேண்டும் என்பது கணவரின் சட்டம். உடம்புச் சூட்டுக்கு எண் மளமளவென்று ஏறினால் நல்ல சரக்கு, ஏறாவிட்டால் குப்பை.

இது மூன்றாவது. பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு எதற்கு இந்த வானிலைப் பைத்தியம் என்று உறவில் எல்லோரும் கேட்டாயிற்று. 'வானிலை மந்திரி' என்று பெயரும் வைத்தாயிற்று. இரண்டாவது சென்சாரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் அதை அவர்கள் கண்ணெதிரிலேயே பொத்திக் காட்டினார். இருபத்தெட்டு, முப்பது என்று ஜம்மென்று ஏறியது. ஆனாலும் மனுஷர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். கடையில சமத்தா இருக்கு, வீட்டுக்கு வந்தா அடம் பிடிக்குது என்று கணவர் வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். அவளும் கூடச் சிரித்தாள்.

முதலாவது கெட்டுப்போனது ஒரு பெருமழை மாலையில். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பின்சுவருக்கு அப்பால் போட்டது. அங்கே மூடியில்லாத பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று புல் மண்டிக் கிடந்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். வெளிச்சம் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அலைந்தது, பிறகு அணைந்தது, அதன்பின் மழைச் சத்தமும், தகர ஓடையில் தண்ணீர் விழும் சத்தமும், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை கட்டிப்போனதும்தான். அக்கம்பக்கத்தில் யாரையாவது அழைக்கலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது கழுத்துவரை சேறாக அவர் வந்து நின்றார். சென்சார் கைக்குள் இருந்தது.

"வழுக்கிடுச்சு," என்றார். சற்றுப் பொறுத்து, "உள்ள ரொம்ப ஆழம்," என்றார்.

மறுநாளிலிருந்து ஜலதோஷம் என்று ஹால் சோபாவில் படுத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். குறட்டை இல்லாத கட்டில் அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. சோபாப் பக்கம் போனால் மட்டும் தேங்கின தண்ணீர் வாடை அடித்தது. உறையைத் துவைத்துப் போட்டாள். சாக்கடை அடைப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது எண் மாறியது. பதிமூன்று. பிறகு பன்னிரண்டு.

"குறையுதுங்க," என்று சொல்லிக்கொண்டே திரையோடு கொல்லைக் கதவுக்கு வந்தாள். மலைக் குளிரில் பேசும்போது அவள் வாயிலிருந்து வெண்ணிறமாக ஆவி போனது. விளக்குக்கடியில் மெல்லிய சட்டையோடு நின்ற கணவரும் ஏதோ சொன்னார். அவர் வாயிலிருந்து ஆவி எதுவும் வரவில்லை. வெளிச்சம் அப்படி விழுகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அவர் உள்ளே வந்து சென்சாரை மகளிடம் நீட்டினார். ஐந்து வயது. சிட்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கி, மருத்துவர்களும் கை விரித்த பிறகு பிறந்தவள். அவளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே அம்மாவுக்கு உயிர் போய்விடும். சிட்டு இரண்டு கையாலும் சென்சாரைப் பொத்திக்கொண்டாள். பத்தொன்பது. இருபத்தைந்து. முப்பது. எண்ணை அம்மா சொல்லச் சொல்ல அவள் குதித்தாள்.

கணவர் திரையைப் பார்க்கவில்லை. மூடியிருந்த அந்தச் சின்னக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் விழுங்கினார்.

"சிட்டு கையில நல்லா சூடு இருக்கு," என்றார். "இன்னிக்கு நான் தூங்க வைக்கிறேன்."

சிட்டு ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கை ஜில்லுன்னு இருக்கும்மா. நீ வா."

பாத்திரம் மலைபோலக் குவிந்து கிடந்தது. காலையில் வேலைக்கு ஓட வேண்டும். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"அடம் பிடிக்காத. போய் அப்பாகிட்ட படு."

சிட்டு தலையைக் குனிந்துகொண்டு போனாள். அறை வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

பாத்திரம் முடிந்து கைத்துண்டு எடுக்க இழுப்பறையைத் திறந்தபோது முதல் சென்சார் கண்ணில் பட்டது. விளிம்பெல்லாம் சேறு காய்ந்திருந்தது. ஏன் அதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரிமோட்டிலிருந்து பேட்டரியை உருவி அதில் போட்டாள். சிவப்பு விளக்கு மினுக்கியது. செத்துப்போனது என்று அவர் சொன்ன சென்சார். பக்கத்தில் வைத்திருந்த திரையில் மூன்றாவதன் எண்ணுக்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று முளைத்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பொத்திப் பிடித்தாள்.

இருபத்திரண்டு. இருபத்தாறு. முப்பது.

நன்றாகத்தான் இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கடைக்காரர் கையில் ஏறியது. சிட்டு கையில் ஏறியது. அவள் கையில் ஏறுகிறது.

அவர் கையில் மட்டும்தான் ஏறவில்லை.

மேல்வரியைப் பார்த்தாள். மூன்றாவது சென்சாரைச் சிட்டுவிடமிருந்து வாங்கிக்கொண்டு அவர்தான் அறைக்குள் போனார். வீட்டுக்குள் இருபத்தொன்று என்று திரையே சொல்கிறது. மேல்வரி மட்டும் பத்து என்றது.

பிறகு ஏறத் தொடங்கியது. பதினாலு. பத்தொன்பது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். சிட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். விளையாடுகிறாள். வேறென்ன. ஒரு கையில் திரையும் ஒரு கையில் பழைய சென்சாருமாக அறைப் பக்கம் நடந்தாள். இருபத்தேழு. முப்பது. சிட்டுவின் கையில் முப்பதோடு நின்றது. இப்போது நிற்கவில்லை. முப்பத்திரண்டு. நடை மறந்து ஓடினாள். முப்பத்தைந்து. கதவு. தள்ளினாள்.

கட்டில் ஓரத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கை மூடியிருந்தது. விரலிடுக்கில் சிவப்பு மினுக்கியது. மறுகைக்குள் சிட்டுவின் கை. அவர் கன்னங்கள் சிவந்திருந்தன. நெற்றியில் வியர்வை.

"இப்ப வேலை செய்யுது, பாத்தியா?" என்றார் சந்தோஷமாக.

குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைப்பதுபோல், சிட்டுவின் கையைப் போர்வைமேல் வைத்தார்.

அறையில் தேங்கின தண்ணீர் வாடை. அவரிடமிருந்து இல்லை. கட்டிலிலிருந்து.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாசலிலேயே நின்றாள்.

போர்வை அசைந்தது. சிட்டு எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் அம்மாவைத் தேடியது. அதே கண்தான்.

"அம்மா. குளிருதும்மா. தூக்கிக்கோ."

கட்டிலிலிருந்து இறங்கினாள். கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். தரையில் ஈரப் பாதங்கள்.

கணவர் எழுந்து வந்து அம்மாவின் பின்கழுத்தில் கை வைத்தார். கதகதப்பாக இருந்தது. அந்தக் கையிலிருந்து சிட்டுவின் சோப்பு வாசனை வந்தது.

"கூப்பிடுறா பாரு. தூக்கு."

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்துதான் குனிந்தாள். ஜில்லென்ற இரண்டு சின்னக் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. சின்ன மூக்கு தோளில் புதைந்தது. பழைய சென்சார் இன்னும் அவள் கைக்குள் இருந்தது.

கணவர் திரையை அவளிடமிருந்து மெல்ல வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"முப்பது," என்று கீழ்வரியை வாசித்தார். "இருபத்தாறு. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி. இருபது."