கபுட் என்றால் என்ன?

சோற்றுப் பார்சலோடு றுக்கியா திருகோணமலைத் துறைமுக ஜெட்டியில் நின்றாள். கப்பலுக்குப் போன இயந்திரப் படகு திரும்பி வந்துவிட்டது. வாப்பாதான் வரவில்லை.

அது 1968ஆம் ஆண்டு. துறைமுகத்தின் நடுவில் ஒரு ஜேர்மன் கப்பல் நின்றது. அதில் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போன வாப்பா முத்தலிப், "வியாழக்கிழமை மத்தியானம் ஜெட்டிக்கு வருவன், மகள். சோறு கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

படகிலிருந்து ஒரே ஓர் ஆள்தான் இறங்கினார். மஞ்சள் முடியும், வெயிலில் சிவந்த மூக்கும் கொண்ட ஒரு ஜேர்மன் மாலுமி.

ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஆங்கிலம் முழுவதையும் றுக்கியா திரட்டிக்கொண்டாள்.

"முத்தலிப்... மை ஃபாதர்... வேர்?"

மாலுமியின் முகம் மலர்ந்தது. "ஆ, முத்தலிப்!" என்று கப்பலைக் காட்டினார். "முத்தலிப் கபுட்! கபுட்!"

பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் இனிப்பை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, சிரித்தபடியே கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

கபுட்? அப்படி ஒரு சொல் அவளுடைய ஆங்கிலப் புத்தகத்தில் இல்லை. துறைமுக வாயிலில் நின்ற காவலாளி சோமபாலவிடம் கேட்டாள்.

"கபுட்டாவா? சிங்களத்தில காகத்துக்குத்தான் அப்பிடிச் சொல்றது. உன்ட வாப்பா எப்ப காகமா மாறினவர்?"

றுக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. கப்பலின் கொடிக்கம்பத்தில் உட்கார்ந்து வாப்பா கரைவதை நினைத்தபடியே நடந்தாள்.

வழியில் இராசையாவின் சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. ஆங்கிலேயரின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அவர்களுடைய பட்டறையில் வேலை செய்தவர் அவர். கப்பல்காரர் பாஷை எல்லாம் அவருக்குத் தெரியும் என்று தெருவே நம்பியது. அவரும் நம்பினார்.

"மாமா, கபுட் எண்டா என்ன?"

டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "ஆர் சொன்னது?"

"ஜேர்மன் கப்பல்காரர். 'முத்தலிப் கபுட்' எண்டு சொன்னார்."

இராசையாவின் முகம் வெளிறிப்போனது. "சரியாக் கேட்டனியா, பிள்ளை?"

"ஓம் மாமா. ரெண்டு தரம் சொன்னார்."

அவர் கடையைப் பூட்டவும் இல்லை. றுக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்கு விரைந்தார்.

உம்மா ஸாலிஹா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இராசையா வாசலில் நின்று இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

"தங்கச்சி... முத்தலிப்பைப் பற்றிக் கப்பல்காரன் ஒரு சொல்லுச் சொன்னவனாம். கபுட். அது ஜேர்மன் சொல்லு. சண்டைக்காலத்தில இங்கிலீஷ்காரரும் எடுத்துச் சொல்லுவினம். கப்பல் கடலுக்குள்ள தாண்டு போனா, கபுட். ஆள் முடிஞ்சாலும்..."



தேங்காய்ப் பாதி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. "முடிஞ்சாலும் எண்டா?" என்று உம்மா மெதுவாகக் கேட்டார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் அயல் வீடுகள் எல்லாம் ஓடிவந்தன.

"பெட்டி மேல விழுந்திட்டுதாம்" என்றார் ஒருவர். "இல்ல, கடலுக்குள்ள விழுந்திட்டாராம்" என்றார் இன்னொருவர். யாரோ செய்தி சொல்லப் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள்.

றுக்கியா சுவரோடு ஒட்டி நின்றாள். அழுகைகூட வரவில்லை. கையில் இருந்த இனிப்பு உருகி விரல்களில் ஒட்டியது.

இனிப்பு!

அந்த மாலுமி சிரித்தாரே. ஒருவர் செத்து மௌத்தான செய்தியை, அவருடைய மகளிடமே, இனிப்புக் கொடுத்துச் சிரித்துக்கொண்டு யாராவது சொல்வார்களா?

அவள் ஓடத் தொடங்கினாள். கடற்கரை வீதி, சந்தை, பஸ் நிலையம் எதிலும் நிற்கவில்லை.

ஜெட்டியில் அந்த மாலுமி ஒரு வாழைப்பழச் சீப்போடு படகில் ஏறிக்கொண்டிருந்தார். "நில்லுங்க!" என்று கத்த நினைத்தாள். குரல் வரவில்லை. கால் மடங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலுமி பதறிப்போய் ஓடிவந்து குனிந்தார். அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஓ! கபுட்!"

றுக்கியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா? நான் மௌத்தாகவில்லையே!

தன்னையே ஒரு தரம் பார்த்தாள். வியர்வை ஊற்றியது. மூச்சு வாங்கியது. கால் நடுங்கியது. வேறு ஒன்றும் இல்லை.

தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள். "மீ... கபுட்?"

"யா, யா!"

கப்பலைக் காட்டினாள். "முத்தலிப்... சேம் கபுட்?"

"யா! சேம்!" மாலுமி இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டார். வாயிலில் நின்ற சோமபாலவே திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் றுக்கியாவுக்கு அழுகை வந்தது. மாலுமி திகைத்துப்போய் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "முத்தலிப், கம். ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னாள். அவர் அவளுடைய கண்ணீரைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் படகைக் கிளப்பச் சொன்னார்.

வாப்பாவைக் கண்ணால் பார்க்கும் வரை அங்கேயே நிற்க அவளுக்கு ஆசை. ஆனால், வீட்டில் உம்மா அழுதுகொண்டிருக்கிறாரே. கபுட்டாகிப்போன கால்களோடு மறுபடியும் ஓடினாள்.

"உம்மா! வாப்பா மௌத்தாகல்ல! உறங்குறார்! கபுட் எண்டா களைப்பு!"

அழுதவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ கண்ணால கண்டியா மகள்?" என்று உம்மா கேட்டார்.

"...இல்ல."

பெண்கள் மறுபடியும் விம்மத் தொடங்கினார்கள். "பாவம், தாங்க ஏலாமக் கதைக்குது" என்றார் இராசையா.

றுக்கியா உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க உம்மா. படகு போயிட்டு வரட்டும்."

உம்மா அழுகையை நிறுத்தவில்லை. கையை விடவும் இல்லை.

வெகுநேரம் கழித்துத் தெருவில் சலசலப்புக் கேட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தலையெல்லாம் தேயிலைத் தூசியும், கன்னத்தில் சாக்கின் தடமுமாக முத்தலிப் நின்றார்.

"என்ன இவ்வளவு சனம்? ஆர் மௌத்தானது?"

பள்ளிவாசலில் இருந்து வந்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

உம்மா எழுந்து போய் அவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்தார். "நீங்கதானா?"

"பின்ன ஆர்? ரெண்டு நாளாக் கண் மூடல்ல. வேலை முடிஞ்ச உடனே சாக்கு மேல சாய்ஞ்சிட்டன். அந்த மஞ்சள் முடிக்காரர் வந்து உலுப்பி எழுப்பினார்."

இராசையா தலையைக் குனிந்துகொண்டார். "என்னை மன்னிச்சுக்கொள், முத்தலிப். இங்கிலீஷ்காரரிட்டக் கேட்டதைத்தான் நான் சொன்னனான்."

"இங்கிலீஷ்காரர் அந்தச் சொல்லைக் கடன் வாங்கேக்க பாதிப் பொருளை அங்கேயே விட்டிட்டாங்க போல, மாமா" என்றாள் றுக்கியா. "அதான் நான் சொந்தக்காரரிட்டயே போய்க் கேட்டன்."

அழுது வீங்கிய முகத்தோடு முதலில் சிரித்தவர் உம்மாதான்.

முத்தலிப் பாதிச் சோறு சாப்பிடுவதற்குள் அவருக்குக் கண் சொருகிவிட்டது. பாயில் படுத்ததும் குறட்டை கேட்டது.

செய்தி கேள்விப்பட்டுத் தூரத்திலிருந்து சனம் அழுதுகொண்டே வந்தபடி இருந்தது. றுக்கியா வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக மறித்துச் சொன்னாள்:

"மெல்லமாக் கதையுங்க. வாப்பா உறங்குறார்."